தேங்காய் எண்ணெய் போட்ட பிஸ்டல்

முப்பத்துமூன்று வருஷம் துப்பாக்கிகளோடு காலம் தள்ளியும் ஒருவரைக்கூடச் சுட்டதில்லை என்று சொன்னால், பழனிசெட்டிபட்டியில் காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். போலீஸ், அதிலும் ஆயுதப்படை. ஒரு கொள்ளைக்காரனையாவது சாய்த்திருக்க வேண்டாமா என்று அவர்களுக்கு ஆதங்கம். நான் சுடுகிற ஆள் இல்லை. சுடுகிறவன் கையில் இருக்கும் ஆயுதம் ஒழுங்காக வேலை செய்யுமா என்று பார்த்துக் கொடுக்கிற ஆள். எங்கள் பேச்சு வழக்கில் ஆர்மரர். கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, அடையாளச் சீட்டுக் கட்டுவது, இவ்வளவுதான் வேலை.

தேர்தல் அறிவித்தால் மட்டும் எனக்கு மறுபடி மவுசு வந்துவிடும். உரிமம் வைத்திருக்கும் பொதுமக்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் ஒவ்வொன்றையும் ஆர்மரர் பார்த்து ஆயுதக் கிடங்கில் வைக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் போன தேர்தலுக்கு எனக்குப் போன் போட்டார். "அண்ணே, ஒரு பிஸ்டலு வந்திருக்கு. சிலைடு அசைய மாட்டேங்குது. என்ன செய்ய?" என்றார். என்ன எண்ணெய் போட்டார்கள் என்று முதலில் கேட்கச் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காவலராகச் சேர்ந்து மூன்று வருஷம் பாராக் காவல் நின்றேன். ஒருநாள் அணிவகுப்பில், மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். வீட்டுப் பம்புசெட்டைக் கழற்றி மாட்டிய தைரியத்தில் கையைத் தூக்கினேன். வெளியூரில் ஆறு மாதம் பயிற்சி. கண்ணைக் கட்டிவிட்டு ரைபிளைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். திரும்பி வரும்போது, இந்த மாவட்டத்தில் துப்பாக்கி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்தது. அதை ஒரே நாளில் இறக்கி வைத்தவர் ஆர்.ஐ. அழகர்சாமி ஐயா. ஆர்.ஐ. என்றால் ரிசர்வ் இன்ஸ்பெக்டர், ஆயுதக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். பக்கத்தில் போய்க் குனிந்து நின்றுதான் திட்டு வாங்க வேண்டும். நான் சேர்ந்த முதல் தேர்தலில், ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த பிஸ்டலை வாங்கி, அடியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "காலி சார்" என்றேன். ஐயா என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"மேகசினை எடுத்துட்டேன் சார்."

"அது மேகசின் சொன்னது. பிஸ்டல் என்ன சொல்லுதுன்னு கேட்டீரா?"

அவரே வாங்கி, குழலை மூடியிருக்கும் மேல்பாகமான சிலைடைப் பின்னால் இழுத்தார். குழலுக்குள் மிச்சமிருந்த ஒரு தோட்டா துள்ளி விழுந்து மேசையில் உருண்டது. உரிமையாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதைவிட மோசம். ஐயா தோட்டாவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டார். "சாயங்காலம் வரைக்கும் இது உம்ம கிட்டயே இருக்கட்டும்" என்றார். அன்று நான் குனியவில்லை, ஓடவில்லை, டீ குடிக்கக்கூடப் போகவில்லை. மாலையில் கையை நீட்டினார், கொடுத்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் வைத்த முறை இது. ஆயுதத்தை வாங்கியதும் அதன் வாய் மணல் நிரப்பிய பெட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு சிலைடை மூன்று முறை இழுத்துவிட வேண்டும். பின்பு அதைத் திறந்தபடி பிடித்து, குழலின் பின்வாயை வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். "நம்ம கண்ணு நம்ம நினைக்கிறதத்தான் பாக்கும். அடுத்தவன் கண்ணுக்கு அந்த வியாதி கிடையாது" என்பார். இவ்வளவுக்கும் பிறகுதான் சீட்டு. சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எண்ணெய் பட்டால் மை கலைந்துவிடும்.

திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். நம் கையிலிருந்து போகிற ஆயுதம் சுட வேண்டும். சுடாது என்றால் சுடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. தற்காப்புக்கு என்று உரிமம் வாங்கியவன் அதை நம்பித்தான் மலைப்பாதையில் தனியாக வருகிறான், அவனை ஏமாற்றக் கூடாது என்பது அவர் வாதம். அந்த விதியை நான் பணிக்காலம் முழுவதும் காப்பாற்றினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நம் ஆட்கள் துப்பாக்கியைப் பராமரிக்கும் அழகே தனி. தேவதானப்பட்டிப் பக்கமிருந்து வரும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குழலுக்குள் கல்லாகக் காய்ந்திருக்கும். ஒருவர் விசைக்குள் திருநீறு அப்பியிருந்தார். கேட்டால், "சாமிக்கு முன்னாடி வெச்சதுங்க" என்பார்கள். பிஸ்டல் விஷயத்தில் பெரும்பாலோர் செய்த தப்பு தேங்காய் எண்ணெய். தையல் மிஷினுக்கு, பீரோப் பூட்டுக்கு, கதவுக் கீலுக்கு என்ன போடுகிறார்களோ அதையே இதற்கும் போட்டுவிடுவார்கள்.

போடியைச் சேர்ந்த பெருமாள்சாமி அண்ணனை நான் அறிந்தது அப்படித்தான். மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தார். ஒருமுறை மலைப்பாதையில் நான்கு பேர் ஜீப்பை மறித்து இவரை அடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு உரிமம் வாங்கியிருந்தார். பாயிண்ட் முப்பத்திரண்டு பிஸ்டல், உள்ளங்கைக்குச் சற்றுப் பெரியது, எட்டுத் தோட்டா கொள்ளும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒப்படைக்க வந்தபோது அவர் மனைவி முருகேஸ்வரியும் கூட வந்திருந்தார். வெளியே ஜீப்பில் மகன் சரவணன் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான், அவர்கள் மூவரும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சிலைடை இழுத்தேன், பிசுபிசுவென்று வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"தேங்காண்ணெய் போட்டது யாருண்ணே?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல எல்லாத்துக்கும் அவதான் எண்ணெய் போடுறவ."

எனக்குப் பாடம் நடத்த ஆள் கிடைத்துவிட்டது. பிஸ்டலைக் கழற்றி, சிலைடுக்குள் இருக்கும் சிறிய ஊசியை எடுத்துக் காட்டினேன். விசையை அமுக்கினால் இந்த ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் முதுகில் குத்த வேண்டும், அப்போதுதான் அது வெடிக்கும் என்று விளக்கினேன்.

"தலைக்கு வெக்கிறது தலையோட இருக்கட்டும்மா. இங்கன கீழ ஒன்னும் தெரியாது. மேல தோட்டத்துக் குளிருல இந்த எண்ணெய் உறைஞ்சு மெழுகாட்டம் ஆயிரும். ஊசி நகராது. ஆத்திர அவசரத்துக்கு அமுக்குனா, டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அம்புட்டுத்தான்."

"அப்ப இத்தன நாளும் இவுக சுடாத துப்பாக்கியத்தான் இடுப்புல சொருகிட்டு அலைஞ்சாகளா?" என்று அந்த அம்மா கேட்டார். நிலையத்தில் எல்லோரும் சிரித்தோம். ஒரு சின்னப் புட்டி ஆயுத எண்ணெய் கொடுத்து, இரண்டு சொட்டுப் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல். பெருமாள்சாமி அண்ணன் வந்தார், பிஸ்டலை வைத்தார், ரசீது வாங்கினார், போனார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நிலையத்து எழுத்தர்தான் விஷயத்தைச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் மலையிறக்கத்தில் ஜீப் கவிழ்ந்து சரவணன் இறந்துவிட்டான். ஓட்டியவர் தகப்பனார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தேர்தல் முடிந்து, ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னால், முருகேஸ்வரி தனியாக பஸ் ஏறித் தேனிக்கு எங்கள் கிடங்குக்கே வந்துவிட்டார். வாசல் பாராக்காரர் என்னைக் கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"அண்ணே, அத நாளைக்குக் குடுக்கப் போறீகளாம்ல?"

"ஆமாம்மா."

"சுடாத மாதிரி ஆக்கிக் குடுங்கண்ணே. அந்த ஊசிய எடுத்துருங்க. இல்ல, நுனியத் தேச்சு விட்ருங்க. உங்களுக்கு அஞ்சு நிமிச வேலை."

எனக்குப் புரிந்தது. இருந்தும் ஏன் என்று கேட்டேன்.

"அவுக சாப்புடுறதில்ல, தூங்குறதில்ல. பய ரூமுல போயி உக்காந்துக்கிறாக. இது இங்கன இருந்த ரெண்டு மாசந்தேன் நான் கண்ண மூடுனேன்."

"எழுதிக் குடும்மா. மேல அனுப்பி, உரிமத்த நிறுத்தி வெக்கலாம். பிஸ்டல் இங்கனயே இருந்துரும்."

"எழுதுனா விசாரிக்க வருவாக. இவ நம்மள அப்பிடி நெனச்சுட்டாளேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோகும். அது ஒன்னு போதும்ணே. கயிறுக்கும் மருந்துக்கும் நான் எங்க போயி எழுதிக் குடுக்கட்டும்? இது ஒன்னத்தான் அவுக தொட்டுத் தொட்டுப் பாக்குறாக."

ஆர்.ஐ. ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அது ஓய்வு பெறும் வருஷம். நாற்காலியைத் தள்ளிக் கொடுத்து உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார். உங்கள் கணவரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார் என்று அந்த அம்மா சொன்னார். எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றார் ஐயா. அந்த அம்மா பேனாவைக் கையில் வாங்கிக் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். பழுது பார்ப்பதாகச் சொல்லி மூன்று வாரம் நிறுத்தி வைத்தார் ஐயா. அந்த ஒன்றுதான் அவரால் முடிந்தது. நான்காவது வாரம் பெருமாள்சாமி அண்ணன் நேரில் வந்து, என்ன பழுது என்று எழுத்தில் கேட்டார். பழுது எதுவும் இல்லையே!

திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் நான்தான் அதைத் துடைத்தேன். ஊசிக் குழியைக் கம்பியில் துணி சுற்றி மூன்று தரம் சுத்தம் செய்தேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். வெற்றுத் தோட்டா போட்டுப் பத்து முறை அமுக்கிப் பார்த்தேன், பத்துக்குப் பத்து அடித்தது. என் கையிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு பிஸ்டல் வெளியே போனதில்லை. அந்த அம்மா கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னிடம் வந்து ஆயுதத்தைக் கெடுத்துக் கொடு என்று கேட்கிறாரே என்ற கோபம். விதி என் பக்கம் இருந்தது, கையெழுத்து வாங்கினேன், கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு மாதம் பேப்பரில் போடிச் செய்தி வந்தால் பயந்துகொண்டே படித்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஐயா ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார், கிடங்கில் நான் மட்டும் இருந்தேன். பெருமாள்சாமி அண்ணன் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். மேலேயிருந்து நேராக வருகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கைப்பையைத் திறந்து பிஸ்டலை மேசையில் வைத்தார்.

"சுடல, ஏட்டையா."

எனக்கு முதலில் வந்தது தொழில்காரனின் ஆத்திரம். பத்துக்குப் பத்து அடித்த பிஸ்டல். மணல் பெட்டியைப் பார்க்கத் திருப்பி, மேகசினைக் கழற்றி, சிலைடை இழுத்தேன். கனமாக வந்தது. உள்ளேயிருந்த தோட்டா தெறித்து மேசையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் முதுகில் மெல்லிய ஒரு பள்ளம். நகத்தால் அழுத்தினாலே அதைவிட ஆழமாக விழும். விசையை அமுக்கியிருக்கிறார், ஊசி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"எதச் சுட்டீகண்ணே?"

"பன்னி."

"பன்னிய பிஸ்டல்லயா சுடுவாக?"

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ அமுக்குனீக?"

"ஒருக்காத்தேன். அப்புறம் வேலையாளுக ஜீப்பு வந்துருச்சு. காய் பறிக்க ஆள் பிரிச்சு விடணும்ல, எந்திரிச்சுப் போயிட்டேன்." பிஸ்டலைக் காட்டி, "சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றார்.

பழக்கம் என்பது பொல்லாதது. கை அது பாட்டுக்குப் பிஸ்டலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது. ஊசியை வெளியே எடுத்தேன். குழி முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. தேனி வெயிலுக்கு ஓரங்கள் மட்டும் இளகிக்கொண்டிருந்தன. வெள்ளைத் துணியில் ஒரு கொத்து வழித்து வந்தது. கீழே பழுப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் புதிதாக ஒன்று. ஒருநாளில் ஊற்றியது இல்லை. நான் கொடுத்த ஆயுத எண்ணெயின் வாசனையே இல்லை. வெந்தயமும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெய் வாசனை அறை முழுக்க வந்தது.

அந்த அம்மாவுக்கு நான் முடியாது என்று சொன்ன வேலையை, நானே சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்து அவரே செய்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு பயமும் வந்தது, இவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவை என்ன சொல்வாரோ என்று.

"மழ ஈரம்ணே. மேல இந்தச் சீசனுக்கு இப்பிடித்தான் ஆகும்" என்றேன். முப்பத்துமூன்று வருஷத்தில் ஓர் ஆயுதத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய்.

அவர் கையை நீட்டினார். துணியைக் கொடுக்காமல் இருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாங்கி மூக்கருகே கொண்டு போனார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தோள் குலுங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"எத்தன நாளா ஊத்திருக்கா?"

"மாசக்கணக்கா இருக்கும்ணே."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

நான் பிஸ்டலை மாட்டவில்லை. பாகங்கள் மேசையில் கிடந்தபடியே கிடந்தன. ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், நானே கூட வருகிறேன் என்றேன். போகலாம், அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், பிஸ்டல் இங்கேயே இருக்கட்டும், தனக்கு வேண்டாம், என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

ஒப்படைப்புப் படிவத்தை எடுத்தேன். பெயர், ஊர், உரிம எண், ஆயுத எண், தோட்டாக்கள் எட்டு, அதில் ஒன்று அடிபட்டது. காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை நிறுத்தினேன்.

"காரணம் எழுதணும்ணே. என்னன்னு எழுதட்டும்?"

அவர் பையை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காவலுக்கு வீட்ல ஆள் இருக்குன்னு எழுதுங்க."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.